சுரங்கம் மூடிய ஊரும் கையகலக் கணினியும்

கோலார் தங்கவயலுக்குச் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது 1902இல். பெங்களூர் நகரம் அதைப் பெற்றது 1905இல். எந்திரம் அன்று பொன்னைத் தேடி வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் பலர் இன்று மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

சுரங்கம் மூடிய இரண்டாம் மாதத்தில், அதே பெங்களூரில் சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணினியின் முன்மாதிரி அறிமுகமானது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் லினக்ஸைக் கொண்டு வடிவமைத்தது அது. எழுத்தறியாதவருக்கும் பயன்படும்படி, இந்திய மொழிகளில் எழுத்தைப் பேச்சாக்கித் தருவதே அதன் நோக்கம். 2004இல் விற்பனைக்கு வந்தபோது விலை பத்தாயிரம் ரூபாயை ஒட்டியிருந்தது. எளியவர் கைக்கு எட்டுமுன்பே அம்முயற்சி ஓய்ந்தது.

அந்த விலைத்தடை பின்னர் தகர்ந்தது. 2012இல் ராஸ்பெரி பை 35 டாலருக்கு வந்தது. சுரங்கம் மூடிய நாளிலிருந்து சரியாகப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 2017 பிப்ரவரி 28 அன்று, வைஃபையுடன் கூடிய ஜீரோ டபிள்யூ 10 டாலருக்கு வெளியானது. நீளம் 65 மில்லிமீட்டர், அகலம் 30. நினைவக அட்டையிலிருந்து லினக்ஸ் இயங்கும்; கைப்பேசி மின்னூட்டியே போதும்.

தங்கவயலுக்கு இதனால் என்ன பயன்? வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளரின் தமிழ், கன்னடத்தோடும் தெலுங்கோடும் அதிகாரிகளின் ஆங்கிலத்தோடும் தலைமுறைகளாகப் பழகியது. மூவாயிரம் மீட்டர் ஆழத்தில், பாறை வெடிக்கும் அச்சத்தினிடையே புழங்கிய தொழிற்சொற்கள் அதற்குரியவை. சுரங்கத்தில் கடைசியாக இறங்கிய தலைமுறையே இன்று நடுவயதைக் கடந்துவிட்டது.

கைப்பேசியும் ஒலியைப் பதியும். அப்பதிவு எங்கே தங்குகிறது, யார் பொறுப்பில் இருக்கிறது என்பதே கேள்வி. ஆய்வாளர்கள் வருகிறார்கள், பதிகிறார்கள், பதிவு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுகிறது. ஊர் நூலகத்தின் மூலையில் இத்தகைய கணினியொன்று இருந்தால், இணைய இணைப்பின்றியே அது தன் வைஃபை வழியே அக்குரல்களை அங்கு வருவோரின் கைப்பேசிகளுக்குத் தரும். பேரப்பிள்ளைகள் கேட்கலாம், சொல்லுக்குப் பொருள் சேர்க்கலாம், ஆய்வாளரின் பிழையையும் திருத்தலாம்.

களப்பணிக்குச் செல்வோர் ஊரில் ஒரு படியை விட்டுவருவதற்குக் கருவியின் விலை இனித் தடையன்று.