நம்ம ஊர் சாமி எழும்பூரில்!

"வச்ச இடத்துல வச்ச மாதிரி உட்கார்ந்திருக்கேன், மியூசியத்துப் பொம்மையாட்டம்!"

ஒரு மாலை நான் ஆபீஸிலிருந்து வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, அம்மா இப்படிச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால்தான் எனக்குச் சுருக்கென்று பட்டது.

அப்பாவின் முதல் வருடத் திதி முடிந்த கையோடு அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வந்துவிட்டோம். சீர்காழி பக்கம், திருவெண்காட்டுக்கு அருகில் ஒரு கிராமம். 74 வயதில் அவரை அங்கே தனியாக விட எனக்கும் தம்பிக்கும் மனசு வரவில்லை. இங்கே நான்காவது மாடி ஃபிளாட், லிஃப்ட், வாசலில் செக்யூரிட்டி, கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி. இதைவிடப் பாதுகாப்பு வேறென்ன வேண்டும் என்று நினைத்தோம். அம்மாவுக்கோ, "இங்க ஒரு வீட்டுக் கதவும் திறந்தே இருக்க மாட்டேங்குதே" என்பதுதான் பெரிய குறை.

இதற்கு நடுவில் ஊர் வீட்டை விற்கும் பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீட்டை யார் பராமரிப்பது? ஆள் ரெடி, விலையும் பரவாயில்லை. அம்மா பேரில் இருக்கும் வீடு, அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அம்மா 'சரி' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. பேச்சு வந்தால் எழுந்து கீரை ஆயப் போய்விடுவார்.

அம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டது ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள்தான். "அம்மாச்சி, நீங்க மியூசியமே பார்த்ததில்லையே. அங்க பொம்மை எப்படி இருக்கும்னு எப்படித் தெரியும்?"

அவளுக்குப் பள்ளியில் சோழர் காலச் சிலைகள் பற்றி ஒரு புராஜெக்ட். சரி, மூன்று பேருமாக எழும்பூர் போகலாம் என்று முடிவானது. "போறதுதான் போறோம், வெள்ளிக்கிழமையா போவோம், நல்ல நாள்" என்றார் அம்மா. மகளுக்கும் அன்று லீவு. பட்டுக்கரை போட்ட காட்டன் புடவை, தலையில் மல்லிப்பூ என்று கிளம்பினார்.

போய் இறங்கினால் கேட் மூடியிருக்கிறது. "வெள்ளிக்கிழமை லீவும்மா" என்றார் காவலாளி. கிளம்பும் முன் போனில் ஒரு தடவை தட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தப்பு என்மேல்தான்.

"வெள்ளிக்கிழமையில நடை சாத்துற இடத்தை இப்பதான் பார்க்கிறேன்!" என்றார் அம்மா. ஆட்டோக்காரர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம்.

சென்னைக்கு வந்து 22 வருடமாகிறது. பாந்தியன் சாலையில் எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். அந்தச் சிவப்புக் கட்டடங்களை ஜன்னல் வழியே பார்த்ததோடு சரி. 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. கல்கத்தாவில் இருப்பதற்கு அடுத்தபடியாக, நாட்டிலேயே பழமையானவற்றில் ஒன்று. முதலில் பொறுப்பேற்றவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர். ஆட்களை வரவழைக்க உயிருள்ள விலங்குகளையும் இதே வளாகத்தில் வைத்துப் பார்த்தார். அந்த விலங்குக் காட்சிசாலைதான் பிறகு சென்ட்ரல் பக்கம் போய், 1985-ல் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தது. அந்தக் கால மெட்ராஸ்காரர்கள் விலங்குகள் இருந்த இடத்தை 'உயிர் காலேஜ்' என்றும், மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் சொல்வார்களாம். இதைச் சொன்னதும் என் மகளுக்கு ஒரே சிரிப்பு.

அவளுக்கு முதலில் திமிங்கல எலும்புக்கூடு. அதன் எதிரில் நின்று பத்து செல்ஃபி. பிறகு அமராவதிச் சிற்பங்கள். ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த புத்த ஸ்தூபியின் சுண்ணாம்புக் கல் பலகைகள். தாமரையும் யானையும் கூட்டம் கூட்டமாக மனிதர்களும் அவற்றில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். "இதே ஸ்தூபியோட இன்னொரு பங்கு லண்டன் மியூசியத்துல இருக்கும்மா" என்றேன்.

"கொஞ்சம் இங்க, கொஞ்சம் லண்டன்லயா? அண்ணன் தம்பி பாகம் பிரிச்ச மாதிரில்ல இருக்கு!" என்றார் அம்மா. வீட்டைத்தான் சொல்கிறாரோ என்று ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை, யானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்புச் சிலைகள் இருக்கும் கூடத்துக்கு வருவதற்குள் அம்மாவுக்குக் கால் வலிக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால், வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தவர், சட்டென்று செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"போட்டுக்கிட்டே வரலாம்மா" என்றார் அங்கிருந்த பணியாளர்.

"இருக்கட்டும் தம்பி. நீங்க போட்டுக்குங்க."

உள்ளே வரிசையாக நடராஜர்கள். திருவாலங்காட்டு நடராஜரின் முன்னால் நின்று மகள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நான் அம்மாவைத் தேடினேன். அவர் ஒரு சிலைக்கு முன் கைகூப்பிக்கூட நிற்காமல், சும்மா நின்றுகொண்டிருந்தார்.

அர்த்தநாரீஸ்வரர். வலப்பக்கம் சிவன், இடப்பக்கம் உமை. சிவன் பக்கத்துக்கு இரண்டு கை, அம்மன் பக்கத்துக்கு ஒரே கை. ஒரு காலுக்கு ஆடை தொடையோடு நிற்கிறது, மறு காலுக்குக் கணுக்கால் வரை வருகிறது. இரண்டு உடல்களை ஒட்டவைத்த மாதிரியே இல்லை. இடுப்பு லேசாக ஒசிந்து, ஒரே ஆளாக நிற்கிறது. பதினோராம் நூற்றாண்டுச் சோழர் காலச் சிலை.

பெயர்ப் பலகையைப் படித்தேன். திருவெண்காடு!

"எங்க அம்மா சொல்லும்" என்று மெதுவாக ஆரம்பித்தார் அம்மா. "நான் கைக்குழந்தையா இருந்தப்ப ஊர்ல மண்ணுக்குள்ளேருந்து சாமி கிடைச்சுதாம். ஊரே சூடம் ஏத்திக் கும்பிட்டுச்சாம். அப்புறம் கவர்மென்ட்டுல எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களாம். எங்க போச்சுன்னு அதுக்குத் தெரியாது. இங்கதான் வந்திருக்கார்!"

திருவெண்காட்டில் 1950-களில் இப்படி அடுத்தடுத்து அருமையான சிலைகள் கிடைத்தன. அவற்றில் ரிஷபவாகனர் தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கிறார். அதற்கென்று 1878-லேயே புதையல் சட்டம் வந்துவிட்டது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணிலிருந்து கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். நம் ஊர்ச் சாமிகள் பல எழும்பூருக்கு வந்து சேர்ந்த வழி இதுதான்.

அம்மா பணியாளரிடம் திரும்பினார். "தம்பி, இவருக்குப் பூசை உண்டா?"

"இல்லீங்கம்மா. இங்க பார்வைக்கு மட்டும்தான்."

"எப்ப ஊருக்கு அனுப்புவீங்க?"

அவர் சிரிக்கவில்லை. "அது நம்ம கையில இல்லம்மா. ஆனா பத்திரமா பார்த்துக்கறோம்" என்றார்.

நான் அருங்காட்சியகத்துக்கு வக்காலத்து வாங்கினேன். கோயிலிலேயே இருந்த எத்தனை சிலைகள் திருடு போயின! அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானின் நடராஜர் கடத்தப்பட்டு, ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரை போய், 2014-ல்தான் திரும்பி வந்தார். "இங்க இருக்கறதாலதான் இவர் பத்திரமா இருக்கார்மா."

"நான் இல்லன்னு சொல்லலியே" என்றார் அம்மா. "யாரு இவரைப் புதைச்சாங்க?"

"படையெடுப்பு வந்த காலத்துல, எதிரி கையில சிக்கக் கூடாதுன்னு புதைச்சு வச்சதா சொல்றாங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "புதைச்சவங்க என்ன நினைச்சிருப்பாங்க? எல்லாம் அடங்கினதும் திரும்பி வந்து எடுத்துக்கலாம்னுதானே? வர முடியாம போயிடுச்சு, பாவம்" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பாதுகாப்பு, பாதுகாப்பு என்று நானும் தம்பியும் அம்மாவை நல்ல வெளிச்சமுள்ள, காவலுள்ள ஓர் இடத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். எப்போது திரும்பலாம் என்று அவரிடம் ஒருநாளாவது கேட்டோமா?

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டோம். கன்னிமாரா நூலகம் அடுத்த கட்டடம்தான். தேசியக் கலைக்கூடமும் இதே வளாகத்தில்தான். "அதெல்லாம் இன்னொரு நாள் பார்த்துக்கலாம், இன்னைக்கு இவர் போதும்" என்றார் அம்மா. அது எனக்குச் சரியாகப் பட்டது. டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று அத்தனை கூடத்துக்கும் ஓடினால், வீட்டுக்கு வரும்போது கால்வலிதான் மிஞ்சும். ஒன்றே ஒன்றை நின்று பார்த்தாலும் போதும்.

வரும் வழியில் ஆட்டோவில் அம்மா சொன்னார், "வீட்டை இப்ப விக்க வேணாம் பாப்பா. ஓடு ஒழுகினா ஒழுகட்டும். சாவி என்கிட்ட இருக்கட்டும்."

அன்று இரவே தம்பியிடம் பேசினேன். அவன் முதலில் கணக்குச் சொன்னான். பிறகு அவனே, "சரிக்கா, தையில நான் கூட்டிட்டுப் போறேன். ஓடு மாத்திடலாம்" என்றான்.

தை பிறந்ததும் அம்மா ஊருக்குப் போனார். இரண்டு மாதம் அங்கே, மற்ற மாதங்கள் இங்கே என்று இப்போதைக்கு ஓர் ஏற்பாடு. முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். அங்கே இருக்கும்போது எனக்குக் கவலை, இங்கே இருக்கும்போது அவருக்கு ஊர் ஞாபகம். ஆனால், 'பொம்மையாட்டம்' என்ற வார்த்தை அதற்குப் பிறகு வரவில்லை.

போன வாரம் ஊரிலிருந்து போன் செய்தார். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், நம்ம சாமி எழும்பூர்ல நல்லாத்தான் இருக்கார்னு. மெட்ராஸ் போறவங்க ஒரு எட்டுப் பார்த்துட்டு வாங்கன்னேன்."

"ம்."

"வெள்ளிக்கிழமை மட்டும் போயிடாதீங்கன்னும் சொல்லிட்டேன்!"