தாய்லாந்துக் காரத்துக்கு எந்த வைன்?

"மாமா, தாய்லாந்து சாப்பாட்டுக்கு எந்த வைன் பொருந்தும்?"னு சென்னையில இருக்கிற மருமகன் போன்ல கேட்டார். மிளகாய் போடுற விவசாயிகிட்ட கேட்டா, காரத்துலேருந்துதானே ஆரம்பிப்பேன்!

சோம் தாம்னு ஒரு பண்டம். பச்சைப் பப்பாளிச் சீவலோட ஊசி மிளகாய், எலுமிச்சை, மீன் சாறு, பனை வெல்லம் போட்டு உரல்ல இடிப்பாங்க. அதோட சாராயச் சத்து கூடின, துவர்ப்பான சிவப்பு வைன் குடிச்சா நாக்கு இன்னும் எரியும். லேசான இனிப்பும் புளிப்பும் உள்ள ஜெர்மன் ரீஸ்லிங்கை ஜில்லுன்னு குடிச்சா எரிச்சல் அடங்கும்.

தாய்லாந்தோட வடகிழக்குல, இசான் விவசாயிங்க யாரையும் கேட்கலை. ஒட்டரிசியைப் புளிக்க வெச்சு 'சாத்தோ' எடுக்கிறாங்க. அதுவும் இனிப்பும் புளிப்பும்தான். நம்ம கள்ளுக்குப் பங்காளி. 1950 மதுச் சட்டப்படி, உரிமம் இல்லாம எடுத்தா குற்றமா இருந்துச்சு. 2022-லதான் வீட்டுத் தேவைக்கு எடுக்கிறதுக்கு விதியைத் தளர்த்தினாங்க.

இங்கே கள்ளுக்கு 1987-லேருந்து தடை. மருமகன் கடல் தாண்டி வர்ற ரீஸ்லிங்கைத் தாராளமா குடிக்கலாம். நான் வெச்ச தென்னையில நான் கள் இறக்கினா, போலீஸ் வரும்.