காலடிக்கு ஏற்ப அமைந்த தோட்டம்

டோக்கியோவின் புங்க்யோ வட்டாரத்தில், யமனோதே ரயில் பாதையிலுள்ள கோமகோமே நிலையத்திலிருந்து ஏழு நிமிடம் நடந்தால் ரிகுகியென் தோட்டத்தின் வாசல் வந்துவிடும். செங்கல் மதிலுக்கு வெளியே அடுக்குமாடிகளும் சாலைகளும். உள்ளே சுமார் 88,000 சதுர மீட்டர் பரப்பில் ஒரு பெரிய குளம், குளத்துக்குள் தீவு, கரை நெடுகிலும் மேடுகளும் மரக்கூட்டங்களும். ஜப்பானியர் குளத்தை வலம்வந்து பார்ப்பதற்கென்றே அமைத்த உலாத் தோட்டங்களுள் இது ஒன்று. இத்தகைய தோட்டத்தை அமைப்பவருக்கும் காப்பவருக்கும் கல்லும் மரமும் நீரும் கைப்பொருள்கள். அவற்றைக் கொண்டு அவர்கள் ஒழுங்குபடுத்துவது, நடப்பவரின் கண் எதை முதலில் காண வேண்டும், எதை அடுத்துக் காண வேண்டும் என்கிற வரிசையை.

ஷோகன் எனும் படைத்தலைவர்கள் ஜப்பானை ஆண்ட காலத்தில் மாகாணப் பிரபுக்கள் ஓராண்டு விட்டு ஓராண்டு எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், தங்கியாக வேண்டும் என்பது விதி. பெரிய பிரபுக்களுக்கு நகரில் ஒன்றுக்கு மேற்பட்ட மாளிகைகள் இருந்தன. விருந்தினரை வரவேற்க, சில வேளை ஷோகனையே வரவேற்க, அவற்றில் தோட்டங்கள் எழுந்தன. மீதோ தொகுகவா குடும்பம் 1629-இல் தொடங்கிய கொயிஷிகவா கொராகுயென் அவற்றுள் மூத்த ஒன்று. ரிகுகியென்னை அமைத்தவர் ஐந்தாம் ஷோகன் தொகுகவா சுனயோஷியின் நம்பிக்கைக்குரிய யனகிசவா யோஷியசு. 1695-இல் ஷோகனிடமிருந்து நிலம் கிடைத்தது. 1702-இல் தோட்டம் நிறைவுற்றது. முசாஷினோ சமவெளியின் தட்டையான நிலம் அது. அங்கே குளத்தைத் தோண்டினார்கள், மலையை எழுப்பினார்கள், செங்கவா வாய்க்காலிலிருந்து நீரைக் கொண்டுவந்தார்கள்.

யோஷியசு வாகா என்னும் ஜப்பானிய மரபுக் கவிதையில் தோய்ந்தவர். கவிதையின் ஆறு நெறிகளைச் சுட்டும் பெயரைத் தோட்டத்துக்கு இட்டார். கீ மாகாணத்து வகனோஉரா கடற்கரையையும் கவிதைகள் பாடிய வேறு இடங்களையும் 88 காட்சிகளாக வகுத்து, அவற்றைக் குறிக்கக் கல்தூண்கள் நட்டார். அவற்றில் 32 இன்றும் நிற்கின்றன. கவிதை அறிந்த எடோ விருந்தினருக்கு ஒவ்வொரு தூணும் ஒரு பாடலை நினைவுக்குக் கொண்டுவந்திருக்கும். அந்தப் பாடல்களை அறியாத இன்றைய வெளிநாட்டவருக்கும் தோட்டம் தன் வேலையைச் செய்கிறது. காரணம் பாதை.

உள்வாயிலைத் தாண்டியதும் எதிரே நிற்பது தொங்குகிளைச் செர்ரி மரம்: சுமார் 15 மீட்டர் உயரம், 20 மீட்டர் விரிவு. மார்ச் இறுதியில் கூட்டமெல்லாம் இதன் அடியில்தான். ஆனால் இது இரண்டாம் உலகப் போருக்குப் பின் நட்ட மரம். பழைய அமைப்பின் கணக்கு இதைக் கடந்த பிறகே தொடங்குகிறது. தெஷியோ நோ மினாதோ என்னும் கரைக்கு வந்ததும் குளம் முழுவதும் ஒரே வீச்சில் திறக்கிறது. நடுத்தீவின் இரட்டை மேடுகள், ஒரு புறம் வளைவுக் கல்லாக நிற்கும் ஹோராய் தீவு, எதிர்க்கரையின் பைன் மரங்கள், எல்லாம் தெரிகின்றன. எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே காட்டிவிடுவது துணிச்சலான முடிவு. அதன் பலன் சில அடிகளிலேயே புரிகிறது. பாதை உடனே நீரைவிட்டு விலகி மரங்களுக்குள் புகுகிறது. சற்று முன் முழுதாகப் பார்த்த தீவு கிளைகளுக்கு இடையே பாதியாகத் தெரிகிறது, மறைகிறது, வேறொரு பக்கம் காட்டி மீண்டும் வருகிறது. காட்டி மறைக்கும் இந்த முறைக்கு மியெகாகுரே என்று பெயர். ஒரு கிளையின் நீளம், ஒரு திருப்பத்தின் கோணம், ஒரு புதரின் உயரம் ஆகியவற்றில்தான் இது நிற்கிறது. ஓர் அடி உயரம் கூடினால் புதர் வெறும் சுவராகிவிடும். குறைந்தால் மறைக்க ஒன்றுமே இராது.

தகிமி தேநீர்க்குடிலை நெருங்கும்போது அருவி கண்ணுக்கு முன் காதுக்கு வந்துவிடுகிறது. விழும் நீரை ஒரு பிளவுகல் கிளைகளாகப் பிரித்து அனுப்புகிறது. இங்கே கற்கள் நின்றிருக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். நல்ல கல்லமைப்பில் கல் தரைமேல் வைத்தது போலத் தோன்றாது. அதன் அடிப்பகுதி மண்ணுக்குள் போய்விட, மேலே தெரிவது பூமியிலிருந்து முளைத்ததன் தலை போல இருக்கும். 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சகுதெய்கி என்னும் தோட்ட நூலே கல் நடுவதைத் தோட்டக்கலையின் தலையாய வேலையாகப் பேசுகிறது.

நடைகற்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் அவற்றை மிதித்துக் கடந்துவிடுகிறார்கள். சமமான பாதையில் நடப்பவர் தலை நிமிர்ந்து நடக்கிறார், வேகமாகவும் நடக்கிறார். ஒழுங்கற்ற கற்களை இடைவெளி விட்டுப் பதித்தால் கண் தானாகக் காலடிக்கு இறங்குகிறது, நடை தளர்கிறது. பிறகு ஓரிடத்தில் இரு கால்களும் ஊன்றி நிற்கும்படி ஓர் அகன்ற கல் வருகிறது. அங்கே தலை நிமிர்கிறது. அந்த இடத்தில்தான் காட்சி காத்திருக்கும். நடைக்கு ஆறு பங்கு, அழகுக்கு நான்கு பங்கு என்று தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ வகுத்தார் என்றும், அவர் மாணவர் ஃபுருதா ஒரிபே அந்த விகிதத்தைத் திருப்பிப் போட்டார் என்றும் மரபு சொல்லும். பொது மக்கள் நுழையும் நகரத் தோட்டத்தில் ரிக்யூவின் பக்கமே நியாயம். கல் தடுக்கினால் காட்சி நினைவில் நிற்காது. கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டிய சிறு கல் ஒன்று பாதையில் கிடந்தால், அதற்கு அப்பால் போகக்கூடாது என்று பொருள்.

ஃபுகியகே தேநீர்க்குடிலில் மச்சா தேநீரும் இனிப்பும் கிடைக்கும். ட்சுட்சுஜி குடில் ஷோகன் ஆட்சிக்குப் பின் வந்த மேஜி காலத்தில் அசேலியா மரத்தால் கட்டியது. தூணாகும் அளவுக்குப் பருக்கும் அசேலியா அரிது என்பதால் மர வேலை தெரிந்தவர்கள் அதன் தூண்களைத் தடவிப் பார்க்காமல் நகரமாட்டார்கள். அடுத்து ஃபுஜிஷிரோ தோகே. கடல்மட்டத்திலிருந்து 35 மீட்டர் உயரமுள்ள இந்தச் செயற்கை மேடுதான் தோட்டத்தின் உச்சி. கீழே பகுதி பகுதியாகக் கண்ட குளம் இங்கிருந்து மறுபடியும் முழுதாகத் தெரியும். அருகே சிலந்தி நூல் போல மெலிந்த, அந்த நூலையே பெயராகக் கொண்ட ஒரு பாதை. வாகாக் கவிதையின் மரபு அறுபடாமல் தொடர வேண்டும் என்ற வேண்டுதல் அதன் பெயரில் இருக்கிறது. இரண்டு பெரும் கற்பலகைகளால் ஆன தொகெட்சு பாலத்தைக் கடந்தால் சுற்று முடியப்போகிறது.

ஷோகன் ஆட்சி வீழ்ந்தபின் தோட்டம் சீரழிந்தது. மிட்சுபிஷியை நிறுவிய இவாசகி யதாரோ 1878-இல் இதை வாங்கினார். இவாசகி குடும்பம் சீரமைத்தது. 1938-இல் டோக்கியோ நகருக்கு நன்கொடையாக வந்தது. 1953-இல் நாட்டின் சிறப்பு இயற்கையெழில் தலமாக அறிவிக்கப்பட்டது.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகும் காட்டி மறைக்கும் இந்த அளவுகள் நிலைத்திருப்பது தானாக நடந்ததன்று. கட்டடம் அப்படியே நிற்கும். தோட்டம் ஒவ்வோராண்டும் வளர்ந்து தன் திட்டத்தையே அழிக்கப் பார்க்கும். பத்தாண்டு கத்தரிக்காமல் விட்டால் பைன் மரம் தீவை மறைத்துவிடும். அதனால் உலாத் தோட்டத்தை அமைத்தவருக்கு நிகரான பெருமை அதைக் கத்தரிப்பவருக்கும் உரியது.

பைன் மரத்துக்கு ஆண்டில் இரு முறை கை படுகிறது. வசந்தத்தில் மெழுகுவத்தி போல நீளும் இளந்தளிர்களை, இலை விரியும் முன், விரலால் கிள்ளி எடுக்கிறார்கள். கத்தரி பட்டால் வெட்டுண்ட ஊசியிலைகளின் நுனி பழுப்பாகிக் கிளையே கருகியதாகத் தோன்றும். இலையுதிர் காலம் முதல் குளிர்காலம் வரை பழைய ஊசிகளை உருவி எடுக்கும் மோமியகே வேலை. இதனால் உட்கிளைக்கு வெயிலும் காற்றும் போகும், உள்மொட்டு பிழைக்கும். உள்மொட்டு இருந்தால்தான் நீண்ட கிளையைப் பின்னுக்குக் குறைத்து மரத்தை அதே அளவில் வைக்க முடியும். ஏணிமேல் நின்று கிளை கிளையாகச் செய்யும் வேலை. ஒரு பெரிய மரம் நாள் முழுவதையும் விழுங்கும். அசேலியாவைப் பூ முடிந்த கையோடு கத்தரித்துவிட வேண்டும். அடுத்த ஆண்டுக்கான மொட்டு கோடையிலேயே உருவாகிவிடுவதால், தாமதித்தால் வெட்டுவது வரப்போகும் பூவை. எல்லையோர மரங்களை மட்டும் ஓங்கி வளரவிடுகிறார்கள், வெளியேயுள்ள கட்டடங்களை மறைக்க. முழுதாக மறைக்க முடிவதில்லை. சில கோணங்களில் மேல்மாடிகள் மரவரிசைக்கு மேல் தலை காட்டவே செய்கின்றன. இது டோக்கியோவின் பழைய தோட்டங்கள் பலவற்றின் கவலை.

குளிர்காலத்தில் யுகிட்சுரி. பைன் மரத்தின் நடுவே கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து கூம்பு வடிவில் கயிறுகளை இறக்கிக் கிளைகளைத் தாங்குகிறார்கள். கனாசவா போன்ற பனி மிகுந்த ஊரில் இது கட்டாயம். டோக்கியோவில் பனி விழும் நாள் குறைவு. விழுந்தால் ஈரமும் கனமுமான பனி. இங்கே அது பாதி காப்பு, பாதி பருவத்தின் அணிகலன். மூங்கில் வேலி கட்டும் பனைநார்க் கயிற்றை முதலில் நீரில் ஊறவைப்பார்கள். காயும்போது முடிச்சு இறுகும். பைன் தண்டில் வைக்கோல் பாய் சுற்றிப் புழுக்களைப் பிடிக்கும் பழக்கமும் உண்டு. ஆனால் நன்மை செய்யும் சிலந்திகளே அதில் அதிகம் சிக்குவதாக ஆய்வுகள் காட்டியதால் சில தோட்டங்கள் அதைக் கைவிட்டன.

முதன்முறை போகிறவருக்குச் செர்ரி பூக்கும் வாரம் உகந்ததன்று. ஏப்ரலின் அசேலியா நாட்கள் மேல். நவம்பர் இறுதி முதல் டிசம்பர் தொடக்கம் வரை மேப்பிள் சிவக்கும் காலம் மிக அழகு, கூட்டமும் அப்படியே. குளிர்கால வார நாளின் காலையில் போனால் இலையுதிர்ந்த கிளைகளினூடே அமைப்பின் எலும்புக்கூடு தெரியும், கத்தரித்த இடங்கள் தெரியும், யுகிட்சுரியும் இருக்கும். ஒரு சுற்று முடிந்ததும் எதிர்த்திசையில் இன்னொரு சுற்று போவது நல்லது. காட்டி மறைத்தவை எவை என்பது அப்போது பிடிபடும். இரண்டு சுற்றுக்கும் நிதானமாக இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். காலை 9 மணிக்குத் திறக்கிறார்கள், மாலை 5 மணிக்கு மூடுகிறார்கள், 4.30-க்குமேல் உள்ளே விடுவதில்லை. நுழைவுக் கட்டணம் 300 யென். டிசம்பர் 29 முதல் ஜனவரி 1 வரை விடுமுறை.