விருந்து என்றால் புதுமை



ஜொகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். 1924-ஆம் ஆண்டில் முறைப்படி திறந்துவைக்கப்பட்ட அந்தப் பாலத்தை நாள்தோறும் எண்ணற்ற மலேசியர்கள் கடந்து வந்து, பொழுது சாய்ந்ததும் திரும்பிச் செல்கிறார்கள். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்த நானும் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு அதே பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் தமிழாசிரியையாகப் பணியேற்றேன். "அதே மழை, அதே வெயில், அதே நாசி லெமாக். இதிலென்ன அயல்நாடு?" என்று ஊரில் உறவினர்கள் கேட்பதுண்டு.

அயல்நாட்டு வாழ்க்கை எப்போதும் பெருந்துயரங்களால் ஆனதன்று. பெரும்பாலும் சின்னஞ்சிறு கணக்குகளால் ஆனது. இரு நாட்டுப் பணத்தையும் நாம் 'வெள்ளி' என்றே சொல்கிறோம். ஆனால் வந்த புதிதில் ஒரு கோப்பை தே தாரேயின் விலையைக்கூட இரண்டரையால் பெருக்கிப் பார்த்த பின்னரே வாங்குவேன். உணவங்காடி நிலையத்தில் மேசைமேல் கிடக்கும் மெல்லிழைத்தாள் பொட்டலம் யாரோ மறந்துவிட்டுப் போனதன்று, இடம்பிடித்து வைத்த அடையாளம் என்று அறிய ஒரு வாரம் ஆயிற்று. மின்படிக்கட்டில் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கவும், அடுக்குமாடி வீட்டின் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி கோத்து நீட்டவும் மெல்லக் கற்றுக்கொண்டேன்.

எல்லாவற்றினும் பெரிய மாற்றம் பள்ளியில்தான் இருந்தது. நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. வாய்ப்பாடு தமிழில், உடற்கல்வி ஆசிரியர் திடலில் இடும் கட்டளை தமிழில், சிற்றுண்டிச்சாலையில் வாங்கும் திட்டும் தமிழில். இங்கோ தமிழ் அதிகாரத்துவ மொழிகள் நான்கனுள் ஒன்று. பள்ளியில் அது ஒரு பாடம். சிங்கப்பூரின் கடைசித் தமிழ்ப்பள்ளியான உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. தாய்மொழிப் பாடவேளைக்கு மணியடித்ததும் மாணவர்கள் தம் வகுப்பறையை விட்டெழுந்து என் வகுப்பறைக்கு வருவார்கள். பாடம் முடிந்து வாசலைத் தாண்டும்போதே அவர்களின் பேச்சு ஆங்கிலத்திற்கு மாறிவிடும்.

என் மகளும் அப்படிப்பட்ட மாணவியே. தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். நான் தமிழில் கேட்பேன். அவள் ஆங்கிலத்தில் விடை சொல்வாள். இருவருக்கும் இரு மொழியும் புரிவதால் உரையாடல் எங்கும் தடைப்படுவதில்லை. நம்மில் பலருடைய இல்லங்களிலும் இதுதானே நிலை?

சென்ற பள்ளி விடுமுறையில் என் தோழி ஐந்து நாள்கள் எங்களோடு தங்க வந்தாள். ஈப்போவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள் நாங்கள். அவள் இன்றும் பேராக்கில் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியில் கற்பிக்கிறாள். வந்த முதல் நாளிலேயே, "ஒரு கோப்பிக்கு மூனால பெருக்கினா என்னாடி ஆகுது!" என்று அவள் வியந்தபோதுதான், நான் பெருக்குவதை நிறுத்திப் பல காலமாகிவிட்டதை உணர்ந்தேன். எந்த நாளில் நிறுத்தினேன் என்று எவ்வளவு எண்ணியும் நினைவுக்கு வரவில்லை. அயலாராக இருப்பது எப்போது முடிகிறது என்று என்னைக் கேட்டால், இனி இதையே சொல்வேன்: பெருக்கல் கணக்கு நின்றுபோகும் நாளில்.

அவள் வந்த வாரத்தில் எனக்கு இரண்டு நாள் பயிலரங்கு இருந்தது. வேறு வழியில்லை. "அத்தைக்கு ஊரைச் சுத்திக் காட்டுறியா?" என்று மகளிடம் கேட்டேன். அவள் தயங்கினாள். என் தோழிக்கு ஆங்கிலம் தெரியாமலில்லை. ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகளாக நாள்முழுதும் சிறுவர்களோடு தமிழிலேயே பேசிப் பழகியவள். பிள்ளைகளைக் கண்டால் அவள் நாவில் வேறு மொழி வராது. மலாய் சரளமாக வரும். அது என் மகளுக்குத் தெரியாது. ஆகவே அந்த இரண்டு நாள்களும் அவ்விருவருக்கும் இடையில் தமிழ் ஒன்றே பாலமாக இருந்தது.

மாலையில் வீடு திரும்பியதும் இருவரும் மாறி மாறிக் கதை சொன்னார்கள். பெருவிரைவு ரயில் நிலையங்களின் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்துகளைக் கண்ட தோழி, ஒவ்வொரு நிலையத்திலும் அவற்றைப் படித்துக் காட்டச் சொன்னாளாம். தேக்கா நிலையத்தில் சாப்பிட்டு முடித்ததும் தட்டை மேசையிலேயே விட்டு எழுந்தவளை என் மகள் தடுத்து நிறுத்தி, "அத்தை, தட்டை நாமே திருப்பி வைக்கணும். இல்லாட்டி எச்சரிக்கை. மறுபடி செஞ்சா அபராதம்!" என்றாளாம். உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதி அது. 'அபராதம்' என்னும் சொல்லை அவள் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டதில்லை. எங்கோ அறிவிப்புப் பலகையில் நான்கு மொழிகளுக்கிடையே பார்த்த சொல், தேவை வந்தபோது தானே எழுந்து வந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், தமிழ்ப்பள்ளி ஆசிரியையான என் தோழி 'லிப்ட்' என்றாள். என் மகள் 'மின்தூக்கி' என்றாள்! பாடநூல் தந்த சொற்கள் பிள்ளைகளிடம் இல்லாமலில்லை. அவற்றைச் செலவழிக்க இடம்தான் இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். என் மகள், "நேத்து நான் அங்க போவேன்" என்று காலம் தவறிச் சொன்னாள். தோழி அவளைத் திருத்தவில்லை. "அப்படியா? நேத்து அங்க போனியா? யாரோட போன?" என்று கேட்டாள். "அம்மாவோட போனேன்" என்று விடை வந்தது. தவற்றைச் சுட்டாமலே சரியான வடிவம் அவள் காதில் விழுந்தது. அவள் வாயிலிருந்தும் வந்தது. பேச்சோ நிற்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத்தமிழைப் பற்றி எத்தனையோ பயிலரங்குகளில் நாம் அமர்ந்திருக்கிறோம். அவற்றின் சாரத்தை என் வரவேற்பறையில் ஒரு கோப்பை மைலோவுக்கிடையே அவள் செய்து காட்டிவிட்டாள்.

கடைசி இரவு மகள் உறங்கிய பின்னர் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். தோட்டத்து மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்ததால் அவள் பள்ளியில் ஆண்டுதோறும் மாணவர் எண்ணிக்கை குறைகிறது. 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்று அங்கு வகைப்படுத்துகிறார்கள். அவளுடையதோ அந்த எல்லையைவிட வெகுவாகக் கீழே இருக்கிறது. அவள் சொன்னாள்: "எங்க பிள்ளைங்க தமிழ்லேயே விளையாடுது, தமிழ்லேயே சண்டை போடுது. ஆனா பள்ளிக்கூடம் இருக்குமான்னு தெரியல. உங்களுக்குக் காசுல கூடத் தமிழ் இருக்கு. பேச ஆள் இருக்குமான்னு தெரியல." நான் மறுமொழி ஏதும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? மறுநாள் புறப்படும்போது, 'சிங்கப்பூர்' என்று தமிழிலும் பொறித்த ஒரு நாணயத்தைத் தன் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக என் மகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவள் போன பிறகு எங்கள் இல்லத்தில் எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். என் கேள்விக்கு மகள் இன்றும் ஆங்கிலத்தில்தான் விடை சொல்கிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தைக்குக் குரல்பதிவு அனுப்புகிறாள். தமிழில். அனுப்பும் முன் ஒருமுறை தானே கேட்டுப் பார்க்கிறாள். சில வேளைகளில் அழித்துவிட்டு மீண்டும் பேசுகிறாள். "இதுக்குத் தமிழில என்ன சொல்றது?" என்று என்னிடம் வந்து கேட்கிறாள். அந்தக் கேள்வி இதற்கு முன்பு எங்கள் வீட்டில் வீட்டுப்பாடத்திற்காக மட்டுமே எழுந்தது.

இதிலிருந்து நான் அறிந்துகொண்டது ஒன்றுதான். அம்மாவிடம் பேச என் மகளுக்குத் தமிழ் தேவையில்லை. அத்தையிடம் பேசத் தேவை. பற்று, பெருமை, பரிசுக்கோப்பை எல்லாம் நல்லவைதாம். எனினும் மொழியைப் பிள்ளையின் வாயிலிருந்து வரவழைப்பது தேவை. அந்தத் தேவையை ஏற்படுத்தித் தரும் ஒரு மனிதராவது ஒவ்வொரு பிள்ளைக்கும் வேண்டும்.

அத்தகைய மனிதர் பெரும்பாலும் விருந்தினராகவே நம் வாசலுக்கு வருகிறார். ஊரிலிருந்து வரும் பாட்டி, சித்தப்பா, பழைய தோழி என்று யாராகவும் இருக்கலாம். அவர்கள் வரும்போது நாமே வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் நடுவில் நின்றுவிடாமல், பிள்ளையிடம் மூன்று வேலைகளை ஒப்படைத்துப் பாருங்கள். வழியைப் படித்துச் சொல்லட்டும். எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று எடுத்துச் சொல்லட்டும். இந்த ஊரின் விதியொன்றை விளக்கட்டும். தடுமாறினால் குறுக்கிட வேண்டா, விருந்தினர் பார்த்துக்கொள்வார்.

ஆசிரிய நண்பர்களே, வாய்மொழிப் பயிற்சிக்கு நானும் ஒரு புதிய தலைப்பை வைத்திருக்கிறேன்: 'ஆங்கிலம் அறியாத உன் பாட்டிக்கு நம் பேட்டையைச் சுற்றிக் காட்டு'. மனப்பாடம் செய்த முன்னுரைகள் அங்கே உதவுவதில்லை. "பாட்டி, மெதுவா வாங்க, இங்க வழுக்கும்" என்று ஒரு மாணவன் சொன்னபோது வகுப்பே சிரித்தது. அவன் சொன்னது உயிருள்ள தமிழ்.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழைய பொருள். தொல்காப்பியரும் அப்பொருளில் அதை ஆண்டிருக்கிறார். வந்தவர் நமக்குப் புதியவர் என்பதால் அப்பெயர் வந்தது என்பார்கள். வந்தவரால் நம் வீட்டிலிருக்கும் பழையவையும் புதியவை ஆகின்றன என்று நான் அதனோடு சேர்த்துக்கொள்கிறேன். வரும் விடுமுறையில் தோழியின் மாணவர்கள் சிலர் பெற்றோருடன் இங்கு சுற்றுலா வரக்கூடும் என்கிறாள். அவர்களுக்கு ஊரைக் காட்டப்போவது யார் என்று எங்கள் வீட்டில் இப்போதே முடிவாகிவிட்டது.