எடை பார்த்து வாங்காதீர்கள்

பேரப்பிள்ளைகள் வயதில் இருப்பவர்கள் இசைத்தட்டு வாங்க ஆரம்பித்திருக்கிறீர்கள். பார்க்கவே மனசு குளிர்கிறது. அந்த உரிமையில் சொல்கிறேன். உறையில் ‘180 கிராம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் விலை கூடினாலும் எடுத்துவிடுகிறீர்கள். அது தட்டின் எடை. பாட்டின் தரம் அல்ல. பாட்டு இருப்பது தலைமுடி பருமனே உள்ள பள்ளத்தில். 120, 140 கிராம் எடையுள்ள சாதாரணத் தட்டிலும் அதே பள்ளம்தான். கனமான தட்டு விறைப்பாக நிற்கும், கையில் எடுத்தால் திருப்தியாக இருக்கும், அவ்வளவே. 1970 வாக்கில் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனம் கையில் பிடித்தாலே வளைகிற மெல்லிய தட்டுகளை விற்றது. ஊரே அவற்றைத் திட்டியது. அவற்றிலும் அருமையாகப் பாடுகிறவை உண்டு.

தரத்தை முடிவு செய்வது வேறு. மூலத்தட்டை வெட்டியவரின் காது, தேயாத அச்சு, அழுத்திய தட்டைப் பொறுமையாக ஆறவிட்டது. அவசரப்பட்டு எடுத்தால் எத்தனை கிராமானாலும் நெளியும். நடுத்துளை அரை மில்லிமீட்டர் விலகினால் போதும், வீணையில் நீளமாக நிற்கிற ஸ்வரம் மேலும் கீழுமாக அலையும். தட்டு சுற்றும்போது ஊசியைத் தாங்கும் கை பக்கவாட்டில் இடமும் வலமுமாக ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் தயங்காமல் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

ஆனால் தட்டைக் குறை சொல்லும் முன் ஊசியைப் பாருங்கள். இதைத்தான் அழுத்திச் சொல்ல வந்தேன். பாட்டு குதிக்கிறது என்றதும் கையின் தலையில் நாணயம் வைக்கிற பழக்கம் எங்கள் காலத்திலிருந்தே உண்டு. ஊசி பொருந்தியிருக்கும் கேட்ரிட்ஜுகளில் பெரும்பாலானவை கேட்பது ஒன்றரை முதல் இரண்டு கிராம் அழுத்தம். அதன்மேல் ஒரு நாணயத்தை ஏற்றினால் பள்ளத்தின் சுவரையே ஊசி தின்றுவிடும். குறைத்தாலும் ஆபத்து: பிடிமானம் இல்லாமல் ஊசி துள்ளி, சுவரை இடித்துக்கொண்டே போகும். ஊசி அழுத்தத்தை அளக்கச் சின்னத் தராசு கிடைக்கிறது. 180 கிராமுக்குக் கொடுக்கிற கூடுதல் காசை அதற்குக் கொடுங்கள்.

பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் கரகரக்கிறதா? ஓரத்தில் ஊசியின் கீழ் நொடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடுகிற பள்ளம், லேபிளை நெருங்கும்போது 21 சென்டிமீட்டராகக் குறைகிறது. அதே ஒலியை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். கேட்ரிட்ஜ் கோணம் கொஞ்சம் தப்பினாலும் முதலில் தெரிவது அங்கேதான்.

தாத்தா வைத்துவிட்டுப் போன 78 வேகத் தட்டுகள் வீட்டில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அவை அரக்கால் ஆனவை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் கரைந்துவிடும். அவற்றின் பள்ளம் அகலம், நீங்கள் இப்போது வாங்கும் எல்.பி. தட்டுகளுக்கான ஊசி அதில் அடியில் கிடந்து இரைச்சலைத்தான் தரும். 78-க்கென்று தனி ஊசி வாங்கிய பிறகு போடுங்கள்.