ஒரு சொல் போதும்

போட்டித் தேர்வுப் பிள்ளைகள் 'ஒன் வேர்ட் சப்ஸ்டிடியூஷன்' பட்டியலை உருப்போடுகிறார்கள். மனைவியை இழந்தவர் என்றால் விடோயர். மார்க் வரும், அடுத்த மாதம் சொல் மறந்துபோகும்.

நான் வகுப்பில் நம் ஊர்ச் சொல்லில்தான் தொடங்குவேன். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பிரான்ஸ் பென்ஷன் வாங்குபவர் யார்? "சொல்தா!" என்று கத்துவார்கள், பாதிப் பேர் வீட்டில் தாத்தா அப்படி. அடுத்தது 'ரெனோன்சான்': 1881 ஆணைப்படி தன் சமூகத்தின் தனிச்சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்று, குடும்பப் பெயரும் சூட்டிக்கொண்டவர். பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லப்போர்த்' ஆனது அப்படித்தான். இவ்வளவும் ஒரே சொல்லுக்குள்! இது புரிந்த பிள்ளைக்கு ஆங்கில 'ரினவுன்ஸ்' மறக்காது, இரண்டும் ஒரே வேர்.

போன வாரம் பேரனிடம் 'சொல்தா' என்றேன். முழிக்கிறான். உங்கள் வீட்டில் இன்னும் புழங்கும் இப்படிப்பட்ட சொற்களை எழுதுங்களேன், அவனுக்குப் படித்துக் காட்டுகிறேன்.