சுழலும் தட்டும் தனி இலையும்

பெரிய காஞ்சிபுரத்தின் வீதிகளில் விளக்கேற்றும் வேளையில், தள்ளுவண்டிக் கடைகளிலிருந்து பூண்டும் சோயா சாறும் கலந்த மணம் எழுகிறது. தறியை விட்டு வரும் இளைஞர்கள் கோபி மஞ்சூரியன் வாங்கி நின்றபடியே உண்கிறார்கள். மஞ்சூரியா சீனத்தின் வடகிழக்கே உள்ள நிலப்பகுதி. ஆயினும் இப்பண்டம் அங்கே பிறந்ததன்று. கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையற்கலைஞர் நெல்சன் வாங், 1975-ஆம் ஆண்டில் மும்பையில் நம் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயோடு சோயாவைச் சேர்த்து ஆக்கிய கோழிக்கறியே இதன் மூலம் என்பர்.

எம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஒரகடத்துத் தொழிற்சாலையில் பணிபுரிகிறார். மனைவியுடன் அங்கேயே தனிக்குடித்தனம். முதலாம் திருமண நாளையொட்டி, சென்னையில் புதுப்பாணிச் சீன உணவகம் ஒன்றுக்கு இரு குடும்பத்தாரையும் என்னையும் அழைத்துச் சென்றார். மதுவையும் பழச்சாற்றையும் கலந்து தரும் காக்டெயில் பட்டியல்தான் முதலில் வந்தது. டாஸ்மாக் கடைகளால் குடும்பங்கள் சிந்தும் கண்ணீரை நாள்தோறும் காண்பவன் நான். எங்கள் மேசைக்கு எலுமிச்சைச் சாறே போதும் என்றேன்.

பின்னர் மூங்கில் கூடைகளில் ஆவி பறக்கும் டிம் சம் வந்தது. வரதராசப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி வேகவைக்கும் இட்லியை அறிந்த காஞ்சிக்காரர்களுக்கு அது புதுமையாகத் தோன்றவில்லை. புதுமை வேறொன்று. எவருக்கும் தனிப் பங்கு இல்லை. வட்ட மேசையின் நடுவே சுழலும் தட்டில் எல்லாம் வைக்கப்பட்டன. அதைத் திருப்பித் திருப்பி அனைவரும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தயக்கம் அங்கேதான் பிறந்தது. மணமக்கள் இருவேறு சாதியினர். இரு குடும்பத்தாரும் ஒரே திருமுழுக்கைப் பெற்றவர்கள், ஒரே பலிபீடத்தினின்று நற்கருணை உட்கொள்பவர்கள். எனினும் ஓராண்டாக ஒருவர் வீட்டில் மற்றவர் கைநனைக்கவில்லை. பெண்ணின் தாய் எடுத்து முடித்ததும், தட்டு சுழன்று இளைஞரின் தந்தை முன் வந்து நின்றது. அவர் தொடாமல் மெல்லத் தள்ளிவிட்டார். இரண்டாம் முறையும் அவ்வாறே. எவரும் ஒன்றும் பேசவில்லை.

மூன்றாம் முறை மருமகள் தாமே கரண்டியால் ஒரு துண்டு மீனை எடுத்து அவர் தட்டில் வைத்து, "சாப்பிடுங்க மாமா, ஆறிடும்" என்றார். அவர் சிறிது நேரம் அதைப் பார்த்திருந்தார், பிறகு உண்டார். அன்று அதற்கு மேல் ஒன்றும் நிகழவில்லை. இரு வீட்டாரும் இன்னும் ஒருவர் வாசலை மற்றவர் மிதிக்கவில்லை.

இச்சுழல்தட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. பினாங்கில் 1879-இல் பிறந்த மருத்துவர் வூ லியன் தே, 1910-11-இல் அதே மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் கொள்ளைநோயை எதிர்த்துப் போராடியவர். எல்லோரும் ஒரே கிண்ணத்தில் தம் உண்குச்சிகளை இடுவதால் காசநோய் பரவும் என்று கண்ட அவர், சுழலும் தட்டையும் பரிமாறுவதற்கெனத் தனிக் கரண்டியையும் பரிந்துரைத்தார். எச்சிலுக்கு அவரும் அஞ்சினார். ஆனால் நோய்க்கு அஞ்சினாரேயன்றி மனிதருக்கு அஞ்சவில்லை. பந்தியைக் கலைக்காமலே நோயை விலக்க வழி தேடினார்.

நாமோ எச்சிலுக்கு அஞ்சித் தனி இலை இட்டோம், அது நல்லதே. அதனோடு நில்லாமல் தனிப் பந்தியும் இட்டோம். 1920-களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்க்குத் தனியே உணவளித்தது தமிழகத்தையே உலுக்கியது. நம் கல்லறைத் தோட்டங்களிலும் சாதிச் சுவர்கள் எழுந்ததை மறுக்க இயலுமா? கொரிந்து நகர்ச் சபையில் சிலர் முந்தி உண்ண, மற்றவர் பசித்திருந்தனர் என்று கேள்வியுற்ற தூய பவுல், அது ஆண்டவரின் திருவிருந்தே அன்று எனக் கடிந்துகொண்டார். பலிபீடத்தில் நேர்ந்த குற்றத்தை அவர் பந்தியில் கண்டுகொண்டார்.

அன்பர்களே, சமைத்தவர் யாரென்று கேளாமல் உணவகத்திலும் தள்ளுவண்டியிலும் உண்கிற நாம், சம்பந்தி வீட்டுச் சோற்றுக்கு மட்டும் சாதி கேட்பது எந்தத் தூய்மை? வருகிற திருவிழாவன்று அன்பின் விருந்தில் அமரும்போது, அருகில் இருப்பவர் யாரென்று விசாரியாமல், அவருக்கு முதலில் பரிமாறிவிட்டு உங்கள் இலையைப் பாருங்கள்.